பூண்டு வாசம் அடிக்கும் வீடு

கொடைக்கானல் மலையில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். மேலே பரணில், கெடாமல் இருக்க, பூண்டு அடுப்புப் புகையில் தொங்கும். என் வீட்டுக்காரர் போனில் கேட்பவர்களிடம் முதலில் அதைத்தான் சொல்வார்: "பூண்டு வாசம் அடிக்கும்ங்க. பரவாயில்லைன்னா வாங்க."

அவர் இறந்த பிறகு, இணைய விளம்பரத்தை நான் எழுதினேன். மற்ற விடுதிக்காரர்களைப் பார்த்து, மேகம் தாலாட்டும் சொர்க்கம் என்றேன். சொர்க்கத்தை நான் எங்கே கண்டேன்? பூண்டு நினைவுக்கே வரவில்லை. எங்கள் மூக்குக்கு அது பழகிவிட்டது.

விளம்பரத்தை நம்பி வந்த ஒரு குடும்பம் வாசம் தாங்காமல் அன்றே கிளம்பியது. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார் அந்த அம்மா.

எழுதியதை அழித்துவிட்டு, என் வீட்டுக்காரர் போனில் சொல்லிவந்ததை அப்படியே எழுதி, வாய்விட்டு வாசித்தேன். அவர் பேச்சு எங்கள் வீட்டில் மறுபடி கேட்டது அன்றுதான்.