கறுப்பு விளக்கில் ஒளிர்ந்த கைச்சின்னம்

ஹிட்லர் காலத்துத் துணைப்படைகளின் பதக்கங்களையும் சின்னங்களையும் பார்த்து, அசலா போலியா என்று சொல்வது என் வேலை. சொன்ன பிறகு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதும் அதில் அடக்கம்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு, கனடாவின் ஸ்காபரோவில் நசீர் நானாவின் நாணயக் கடையில் சேர்ந்தேன். அவர் இலங்கையின் காத்தான்குடிக்காரர். முன்பு நகைத்தொழில் செய்தவர் என்பதால் உலோகம் அவர் பொறுப்பு, துணியும் தாளும் என் பொறுப்பு. இந்தச் சின்னங்களை நாங்கள் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. பார்த்து எழுதிக் கொடுப்பதோடு சரி. எனக்குப் பேசக் கூச்சம், எழுதிக் கொடுப்பதுதான் வசதி. யாரும் கேட்க விரும்பாத பதிலைச் சொல்லும் வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், என் பாடு விளங்கும்.

குமிழிகள்

ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிய செல்வம் அண்ணை, பக்கத்துத் தெருவில் யாரோ பழைய சாமான் விற்றபோது ஒரு வெள்ளி நிறச் சின்னத்தை வாங்கி வந்திருந்தார். ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படையினர் நெஞ்சில் குத்தியது என்று விற்றவர் சொன்னாராம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. ஊசி முனையளவு குமிழிகள் எங்கும் தெரிந்தன. அசலை அச்சில் வைத்து அடித்திருப்பார்கள். இது உருக்கி ஊற்றிய நகல்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தாளில் எழுதி நீட்டினேன். வாசித்துவிட்டுச் சின்னத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“அப்ப இதைக் குத்திக்கொண்டு ஒருத்தனும் ஒருத்தரையும் அடிக்கேல்ல எண்டு சொல்லும். நல்லது பிள்ளை.”

விளக்கை அணைத்தபோது

துணிக்கு எங்களிடம் புறஊதா ஒளி தரும் ஒரு கறுப்பு விளக்கு உண்டு. அறையை இருட்டாக்கி அதைப் பிடித்தால், வெண்மைக்காக மருந்து சேர்த்த இக்காலத்து நூல் நீலமாக ஒளிரும். அந்தக் காலத்துத் துணி இருண்டே கிடக்கும். ரெக்ஸ்டேலில் பழம்பொருள் விற்கும் ஒருவர் கொண்டுவந்த கைப்பட்டி, நிலா மாதிரி ஒளிர்ந்தது. அவர் அரைமணி நேரம் வாதாடினார். நான் விளக்கை மட்டும் மறுபடி காட்டினேன். மனிதர்கள் மாற்றிச் சொல்வார்கள், இது சொல்லாது என்று அன்றைக்கு நினைத்தேன். அவரோ விடவில்லை.

“லைற்றைப் போட்டுட்டுப் பாரும் தங்கச்சி, அப்ப அது நல்லாத்தானே இருக்குது?”

தையல் ரின்

யூனியன்வில்லிலிருந்து சுகன்யா அக்கா வந்தார். மட்டக்களப்பில் பிறந்தவர், ஜெர்மன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கூடவே மாமியார் மார்த்தா, எண்பதைத் தாண்டியவர். மார்த்தாவின் தாய் விட்டுப்போன தையல் ரின்னின், ஊசிநூல் வைக்கும் தகரப்பெட்டியின், அடியில், சட்டைக் கையில் தைக்கும் துணைப்படைச் சின்னம் ஒன்று கிடந்திருக்கிறது. தந்தை வெறும் தபால்காரர், எந்தப் படையிலும் சேராதவர் என்று நம்பி வளர்ந்தவர் மார்த்தா. சின்னம் கிடைத்த அன்றே தந்தையின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டாராம். மார்த்தாவின் இறந்துபோன தம்பிக்குச் சந்தைகளில் கண்டதையும் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் இருந்தது. சின்னம் போலி என்றால் அது தம்பியின் விளையாட்டு. அசல் என்றால் தந்தையுடையது.

எல்லாரும் அசலாக இருக்கவேண்டும் என்று வருகிற கடைக்கு, போலியாக இருக்கவேண்டும் என்று வந்த முதல் ஆள் அவர். தையல் பழைய முறையில் இருந்ததை நான் கவனித்தேன். ஆனால் கறுப்பு விளக்கில் அது பளீரென்று ஒளிர்ந்தது. “போலி” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மார்த்தா தாளை இரண்டு தடவை வாசித்தார்.

“அப்படியென்றால் அப்பாவின் படத்தை இன்றைக்கே திரும்ப மாட்டிவிடலாம்.”

நன்றி சொல்ல வந்த அழைப்பு

மூன்று கிழமை கழித்துச் சுகன்யா அக்கா கடைக்குத் தொலைபேசி எடுத்தார். மாமி இப்போது நன்றாக நித்திரை கொள்கிறாராம், பேரப்பிள்ளைகளுக்குத் தபால்காரக் கதைகள் சொல்கிறாராம். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பேச்சுவாக்கில், சின்னம் அவ்வளவு சுத்தமாக இருந்ததே என்றேன்.

“ஊத்தத் துணிய ஆக்களிட்டக் குடுக்கேலுமா தங்கச்சி? வோஷிங் பவுடர் போட்டு ரெண்டு தரம் தோச்சித்தானே கொண்டு வந்தனான்.”

சாம்பல்

சலவைத் தூளிலும் அதே வெண்மை மருந்து உண்டு. எந்தப் பழந்துணியையும் அதில் தோய்த்தால் ஒளிரும். பாடத்தில் படித்திருக்கிறேன். கேட்கத்தான் மறந்தேன்.

சின்னத்தை மறுபடி வரவழைத்தோம். நசீர் நானா ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் பிடித்தார். இன்றைய நைலோனாக இருந்தால் உருகி உருண்டையாகியிருக்கும். இது எரிந்து சாம்பலானது. நெசவையும் தையலையும் ஒவ்வொரு இழையாகப் பார்த்தேன். எல்லாம் அந்தக் காலத்தவை. வாய் திறக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். நானாவிடமே கேட்டேன்.

“நம்மள ஒருத்தரும் திரும்பக் கேக்கல்ல மகள். ஆனா அந்தத் தாள்ல இருக்கிறது உங்கட கையெழுத்து.”

படத்தின் கீழே

யூனியன்வில் வீட்டு வரவேற்பறையில் தொப்பியணிந்த தபால்காரர் சுவரில் இருந்தார். இந்த முறை எழுதிக் கொண்டுபோகவில்லை. படத்தின் கீழே உட்கார்ந்து வாயால்தான் சொன்னேன்: சின்னம் அசல், சலவைத் தூளால்தான் ஒளிர்ந்தது. சுகன்யா அக்கா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “என்னாலதான் மாமி, நான்தான் தோச்சனான்” என்று அழத் தொடங்கினார்.

மார்த்தா எழுந்து படத்தை இறக்கினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு முகப்பு கீழே இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டு மருமகளின் கையைப் பிடித்தார்.

“நீ தோய்த்ததால்தான் எனக்கு மூன்று கிழமை அந்தத் தபால்காரர் கிடைத்தார்.”

இப்போதெல்லாம் எங்கள் படிவத்தில் முதற்கேள்வி, இது யாருடையது என்பதல்ல, இதைத் தோய்த்தீர்களா என்பதுதான்.