தோப்பு வரைக்கும் வந்த வயர்

எங்கள் தோட்டத்து வீட்டுக்கு நெட் வந்த கதையைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொன்னதெல்லாம் பாதிதான். மீதியை இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில் அவிநாசிபாளையம் தாண்டி, கிழக்கே திரும்பும் மண் தடத்தில் நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். எங்கள் பக்கம் தோட்டத்து வீடுகள் தெருவாக இருக்காது. அவரவர் காட்டுக்குள் அவரவர் வீடு. ஓரிடத்திலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. என்ன அமைதி, என்ன காற்று என்று டவுன்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு போன் பேசிப் பார்க்கச் சொல்ல வேண்டும் அவர்களை. எந்த சிம் போட்டாலும் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறித் தெற்கே பார்த்து நின்றால் இரண்டு கோடு வரும்.

மாட்டுக் கொட்டகையை ஒட்டி எட்டு மிஷின் போட்டு பவர்டேபிள் நடத்துகிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைப் பனியனாகத் தைத்துக் கொடுக்கும் தொழில். அளவு, போட்டோ, திருத்தம் எல்லாவற்றையும் கம்பெனியில் போனில்தான் அனுப்புவார்கள். கழுத்து அளவு மாறிவிட்டது என்ற செய்தி நான் தொட்டி மேல் ஏறின பிறகுதான் எனக்கு வந்து சேரும். அதற்குள் கீழே பழைய அளவில் இருநூறு பீஸ் தைத்து அடுக்கியிருப்பார்கள். பிரித்துத் தைக்கும் டெய்லர்கள் என்னைப் பார்க்கிற பார்வையைச் சொல்லி மாளாது.

கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த ஒருவர் ஃபைபர் லைன் இழுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். வயர் யார் யார் காட்டு வழியாக வருகிறதோ அவர்களிடம் நீங்களே சம்மதம் வாங்கிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஐந்து காட்டுக்காரர்களிடம் போனேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவர் தன் வேப்பமரத்திலேயே கட்டிக்கொள்ளச் சொல்லி ஏணியும் கொடுத்தார். அப்படி, அடுத்தவர் தயவில், வேலி வேலியாக வந்த வயர் எங்கள் தென்னந்தோப்பின் ஓரத்தில் நின்று வீட்டுக்குள் இறங்கியது. மகள் ஊரிலிருந்து வீடியோவில் பேசினாள். தொட்டி மேல் ஏறுவது நின்றது. பத்து நாளைக்கு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தோப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது என் பெரியப்பா மகன் வீடு. எனக்கு அண்ணன். வண்டித்தடத்தை இரண்டடி நகர்த்திவிட்டார் என்று நான் கேட்கப் போய், வார்த்தை தடித்து, பதினொரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போனதில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. பங்காளி நின்று செய்ய வேண்டிய சீருக்கு வேறு ஆளை நிறுத்தினேன். அந்தக் காந்தல் எனக்கு ஆறவே இல்லை. இத்தனைக்கும் அந்தத் தடத்தில் இப்போது யாரும் வண்டி ஓட்டுவதில்லை, முள்ளு முளைத்துக் கிடக்கிறது. இப்படிப் பிரிந்த வீடுகளில் யார் முதலில் வாசற்படி மிதிக்கிறாரோ அவர் இறங்கி வந்தவர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் வீட்டுப் பெரிய ஆண்பிள்ளை வர வேண்டும். மற்றவர்கள் வந்தால் வந்ததாகவே சேர்த்தியில்லை.

அவருடைய மருமகள் பெருமாநல்லூர் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையரிடம் பேசி, ஆர்டர் வாங்கி, சரக்குக் கப்பல் ஏறும்வரை பின்னாலேயே நிற்கிற வேலை. கல்யாணமாகி திருப்பூர் ராயபுரத்தில் குடியிருந்தார்கள். குழந்தை பிறந்ததும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பெண் என்பதால் கம்பெனி விட மனமில்லாமல், ஆறு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார், ஆனால் சாயங்காலம் பையர் வீடியோவில் வரும்போது லைன் அறுபடக் கூடாது என்று சொல்லியிருந்தது.

அவள் படாத பாடு இல்லை. மூன்று கம்பெனி சிம் மாற்றினாள். ஜன்னலில் வைக்கிற டப்பா ஒன்று வாங்கினாள், அது பகலில் கொஞ்சம் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் படுத்துக்கொண்டது. பிறகு திருப்பூரிலிருந்து ஆள் வந்து மொட்டை மாடியில் தட்டு மாதிரி ஒன்றை வைத்தான். ரோட்டோர டவரை அது நேராகப் பார்க்க வேண்டுமாம். நடுவில் என் தென்னை மரங்கள். தட்டை உயர்த்த நீளமாக பைப் நட்டார்கள். ஆடிக் காற்றில் அது வளைந்து மாட்டுத் தொழுவத்தைப் பார்த்து நின்றது. நான் என் தோப்பிலிருந்து அதைப் பார்த்துச் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. வானத்திலிருந்து நேராக நெட் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது, ஆனால் அது எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் காற்றாலைக்காரர்களின் நிலம், கம்பி வேலி போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. கேட்கக்கூட அங்கே ஆளில்லை. ஆக மிச்சமிருந்தது ஒரே வழி. என் வீட்டுக்கு வந்த வயரை என் தோப்பு வழியாக நீட்டுவது. முப்பது மரம் தாண்டினால் அவர்கள் வீடு.

ஒரு காலையில் அவளே வந்தாள். இடுப்பில் குழந்தை. அந்த வீட்டிலிருந்து ஒரு ஜீவன் எங்கள் வாசலை மிதித்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. என் மனைவி கை காலோடாமல் காபி போட உள்ளே போனாள்.

"ஏனுங்க மாமா, உங்க தோப்பு வழியா வயரு இழுத்துக்கட்டுங்களா? நெட்டு இல்லாட்டி வேலை போயிருமுங்க" என்றாள். சுற்றி வளைக்கவில்லை. அழவும் இல்லை.

"அதுக்கென்ன அம்மிணி, தாராளமா இழுத்துக்க. இதையெல்லாம் கேக்கோணுமா?" என்றேன்.

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். குழந்தையின் கன்னத்தைக்கூடத் தட்டினேன். அவள் தோப்பைத் தாண்டுவதற்குள் எனக்குப் புத்தி திரும்பிவிட்டது. அண்ணன் வரவில்லையே, பெண்ணை அனுப்பிக் காரியத்தை முடித்துக்கொள்ளப் பார்க்கிறாரா என்று தோன்றியது. என் மகள் கல்யாணப் பந்தலில் அவர் நிற்க வேண்டிய இடம் கண் முன்னால் வந்தது. அவர் வந்து கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அதை அவளிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் கெட்ட பெயர் வருமே. கேபிள்காரருக்குப் போன் போட்டு, தேங்காய் போடுகிற சமயம், மட்டை விழுந்தால் வயர் அறுந்துபோகும், கொஞ்ச நாள் போகட்டும், நான் சொன்னதாக மட்டும் அங்கே சொல்ல வேண்டாம் என்றேன். "சரிங்க, உங்க தோப்புங்க" என்றார் அவர்.

வாயால் தாராளம் காட்டிவிட்டுக் கையால் கதவைச் சாத்தினேன். ஐம்பத்தெட்டு வயதில் செய்த காரியம் இது.

அதன் பிறகு அவளைச் சாயங்காலங்களில் ரோட்டோரப் பால் சொசைட்டித் திண்டில் பார்ப்பேன். அங்கே டவர் கிடைக்கும். மடியில் லேப்டாப், பக்கத்தில் துணி விரித்துக் குழந்தை. பால் கேன்கள் மோதுகிற சத்தத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பாள். நான் பைக்கை நிறுத்தாமல் போனால் அது ஒரு மாதிரி தெரியும் என்று நிறுத்துவேன். பேச்சு முடிந்ததும் அவள் எழுந்து நின்று, வயர் எப்போது வருமென்று மரியாதையாகக் கேட்பாள். நானும் அவனை விடுவதில்லை, அந்த ஆளுக்கு நூறு இடத்தில் வேலை என்று கேபிள்காரர் மேல் பழியைப் போடுவேன். அவள் சரி என்று தலையாட்டுவாள். ஒருமுறை இரண்டு முறை அல்ல, அந்த இரண்டு மாதத்தில் ஏழெட்டு முறையாவது கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் எனக்குப் பொய் இன்னும் சுலபமாக வந்தது.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சொசைட்டியில் சாரலுக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு சாயங்காலம் பையர் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் டவரும் படுத்து, அந்த ஆர்டரில் ஒரு கலர் மாற்றம் அவள் காதில் விழாமல் போயிருக்கிறது. அந்த மாதத்தோடு கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள், தினமும் பெருமாநல்லூர் வந்து போ, முடியாவிட்டால் நின்றுகொள். பால்குடி மறக்காத குழந்தையை விட்டுவிட்டு, திருப்பூரைக் கடந்து அந்தக் கோடிக்குத் தினமும் போய்வர அவளால் ஆகவில்லை. நின்றுவிட்டாள்.

இதை என் மனைவிதான் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "நீங்கதான் தாராளமான்னு சொன்னீங்களே, அப்பறம் ஏனுங்க வயரு வரலை?" என்றாள். கேபிள்காரரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். மறுநாளே அவரை வரச் சொன்னேன். முப்பது மரத்துக்கும் வயர் கட்டி அந்த வீட்டு நெட் டப்பாவில் விளக்கு எரிய வைக்க அவருக்கு இரண்டு மணி நேரம்தான் ஆனது. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் அவர் ஏணியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். பதினொரு வருடமாக நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்தது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசற்படி ஏறினார். பேரனுக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகச் சொல்லி, பங்காளியாக நான் முன்னால் நிற்க வேண்டுமென்று அழைத்தார். "நாந்தாம்ப்பா வீம்பு புடிச்சவன். எம்மருமக வந்து கேட்டவொடனே நீ சரின்னுட்டியாமா. அந்த மனசு எனக்கில்லாமப் போச்சு" என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அதை விடுங்கண்ணா என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன்.

காதுகுத்துக்குப் போனோம். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். வந்திருந்த ஒறம்பரைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் அண்ணன் வயர்க் கதையைச் சொன்னார். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பந்தியில் அவள்தான் எனக்குப் பரிமாறினாள். இலையில் பொரியல் வைக்கக் குனிந்தவள், பக்கத்தில் யாரும் கேட்காத குரலில் பேசினாள்.

"கேபிள்காரரு மொத வாரமே எங்கிட்டச் சொல்லிப்போட்டாருங்க மாமா. நீங்களாவே மனசு மாறுவீங்கன்னுதானுங்க சொசைட்டியில திரும்பத் திரும்பக் கேட்டேன்."

நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரலில் கோபம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்க ஊட்டு மாமங்கிட்டச் சொல்லலீங்க. சொல்லியிருந்தா ரெண்டு ஊடும் இன்னைக்கு இப்படி உக்காந்திருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அண்ணன் எதிரே வந்து நின்று, என் இலையைப் பார்த்துவிட்டு, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார். அவள் வாளியோடு திரும்பி வந்தாள். நான் தலை நிமிராமல் கையை விலக்கி இடம் விட்டேன்.