கறுப்புப் பெட்டியில் பழுப்பேறிய எழுத்து

கறுப்புப் பெட்டியின் மேல் வெள்ளை எழுத்து வைப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளைப் பெட்டியில் கறுப்பு எழுத்து என்றால் எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் அச்சடித்து ஒட்டிவிடலாம். கறுப்பில் வெள்ளை என்றால் அச்சு இயந்திரம் கையை விரித்துவிடும். அதற்கு வெள்ளை என்பது ஒரு மை அல்ல, மை படாத தாள்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு நீலகிரி மலையில் அரவேணுவில் வீட்டோடு இருந்தேன். கிதார் வாசிப்பவர்கள் காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டிகளைச் செய்வேன். பெடல் என்பார்கள். வெலிங்டனிலும் குன்னூரிலும் சிலர் வாங்கியிருந்தார்கள். கோயம்புத்தூரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஒருவர் அதில் ஒன்றை வாசித்துப் பார்த்தார்.

"சத்தம் அருமைங்க. பொட்டியப் பார்த்தாத்தான் மிச்சர் டப்பா மாதிரி இருக்குது. திங்கக்கெழமைக்குள்ள மூணு பொட்டி, கம்பெனிச் சரக்கு மாதிரி எழுத்தெல்லாம் போட்டுக் கொண்டாங்க. புடிச்சா இருபது எடுத்துக்கறேன்."

இருபது பெட்டி விற்றால் வீட்டிலேயே தொழில் நடத்தலாம். இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் வேலை. அப்பா அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

நோட்டில் வழிகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். தவறைத் திருத்தும் வெள்ளை மையைப் பேனாவில் தொட்டு எழுதியது எச்சம் விழுந்த மாதிரி இருந்தது. தூரிகை என் கைக்கு வரவில்லை. மிஞ்சியது, வரைபடம் போடுபவர்கள் வாங்கும் எழுத்துத் தாள். வெள்ளை எழுத்துகள் வரிசையாக இருக்கும். பெட்டியின் மேல் வைத்து மொண்ணைப் பேனாவால் தேய்த்தால் எழுத்து இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். பெட்டியின் திருகுகளுக்கு வால்யூம், டோன், லெவல் என்று எழுத வேண்டும். ஒரு தாளில் மூன்று பெட்டிதான் தேறும். நகம் பட்டாலே உரியும் என்பதால் மேலே வார்னிஷ் போல நிறமில்லாத லேக்கர் அடித்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் பிரச்சினை அங்கேதான். மேகம் இறங்கிய நாளில் லேக்கர் அடித்தால், காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பால் திரிந்த மாதிரி வெளுத்துவிடும். அந்த வாரம் முழுக்க மேகம் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்த்தேன். வெளுத்துப்போனது.

அப்பா பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர். இலை எடுப்பதைக் குறைத்து வாரத்தில் மூன்று நாள்தான் ஓட்டினார்கள்.

"வியாழக்கெழமை மிஷின் ஓட்டமில்லைங்க அம்மிணி. இலை காய வெக்கற டிரையர் ரூம்புல முந்தின நாள் சூடு மட்டும் இருக்கும், தூசி இருக்காது. அங்க கொண்டாந்து அடிச்சுக்க," என்றார். நீலகிரியில் ஈரமில்லாத ஒரே அறை அதுதான். இதை எப்படி மறந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் போய், எழுத்து ஒட்டிய மூன்று பெட்டிக்கும் லேக்கர் அடித்து, அலமாரியில் வைத்தேன். லேக்கர் கண்ணாடியாகப் படிந்தது. இரண்டாம் பூச்சு காயட்டும் என்று சாப்பிட வீட்டுக்கு வந்தேன்.

திரும்பிப் போனபோது, அறையை ஒட்டி, தூள் சலிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் ஒரே ஒரு பெட்டி. அதன் வெள்ளை எழுத்துகள் எல்லாம் செம்பழுப்பாக மாறியிருந்தன. அப்பா ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார்.

"முதலாளி ஆளு திடீர்னு வந்து சலிக்கச் சொல்லிட்டாருங்க. ரெண்டு பொட்டிய நான் ஆபீசுக்குள்ள எடுத்து வெச்சுட்டேன். மூணாவது மறந்துபோச்சு."

தேயிலைத் தூசி என்றுதான் நினைத்தேன். குழாய்த் தண்ணீரில் பஞ்சை நனைத்து எழுத்தின் ஓரத்தைத் துடைத்தேன். பஞ்சு ஆரஞ்சுச் சிவப்பாக ஊறியது. தேயிலை குளிர்ந்த தண்ணீரில் அப்படி ஒரு நொடியில் நிறம் விடாது. சலிக்கும் இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து நனைந்த தாளில் போட்டேன். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு சிவப்பு வளையம் விரிந்தது. மூலையில் பெயரில்லாத ஒரு பிளாஸ்டிக் பை வாய் கட்டி இருந்தது. கட்டின முடிச்சு வரைக்கும் அதே நிறம்.

என் நகக்கண்ணிலும் அது ஏறியிருந்தது. விரலை நீட்டிக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"இது சாயமுங்களாப்பா?"

அப்பா இயந்திரத்தைப் பார்த்தார். "முத்தின இலை, காம்பு, எல்லாம் வருது. தூளு வெளுத்துக் கெடக்குது. கலர் இல்லைன்னா ஏலத்துல ஒருத்தனும் தொடறதில்ல. நான் கலக்கறதில்லைங்க அம்மிணி. அவங்க ஆளு வந்து கலக்கறான்."

"நீங்க பக்கத்துல நிக்கறீங்க."

"நிக்காம எங்க போறது?"

"அப்பறம் ஏனுங்க நம்ம ஊட்டுக்கு மட்டும் குன்னூர்க் கடையில தூளு வாங்கறீங்க?"

அம்மாவுக்கு ஃபேக்டரித் தூள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லி வந்தவர் அவர். கலப்பதைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது பெட்டியை மறந்தவர், சாயத்தை மறக்கவில்லை. தூசி எப்போது கிளம்பும், எதில் படியும் என்று தெரிந்துதான் மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

மூன்றாவது பெட்டியில் நிறம் லேக்கருக்குள் இறங்கிவிட்டது. மேலே துடைத்ததும் சிவப்பு போய் மங்கிய பழுப்பு மட்டும் நின்றது. அழித்துத் திரும்ப எழுதலாம் என்றால் எழுத்துத் தாள் தீர்ந்துவிட்டது, அது கோயம்புத்தூரில்தான் கிடைக்கும். திங்கட்கிழமை மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் வெள்ளை எழுத்துப் பெட்டிகள் இரண்டையும் புரட்டிப் பார்த்து ஓரமாக வைத்தார். மூன்றாவதை விளக்கடியில் கொண்டுபோனார்.

"அடேங்கப்பா! பழைய ஆர்மோனியக் கட்டை கணக்கா இருக்குதுங்களே எழுத்து. புதுச் சாமானப் பழசு மாதிரி பண்ணித்தான் வெளிநாட்டுல ரெண்டு மடங்குக்கு விக்கறானுங்க. இருபதும் இதே கலர்ல போட்டுடுங்க."

"அது டீத்தூள்ல கலக்கற சாயமுங்க. தெரியாமப் பட்டுருச்சு."

"இருக்கட்டுமுங்க. பொட்டிய யாரு நக்கிப் பார்க்கப் போறாங்க?" என்று சிரித்தார். கடைப்பையனிடம் எனக்கு ஒரு டீ சொல்லச் சொன்னார்.

டீ வேண்டாம் என்றேன். அந்த நிறத்தை எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியும். முடிச்சுப் போட்ட அந்தப் பையிலிருந்து ஒரு கரண்டி போதும். அப்பாவே காகிதத்தில் மடித்துத் தருவார், மறுக்க மாட்டார். அதைப் போய்க் கேட்பதுதான் என்னால் முடியவில்லை.

"வெள்ளை மட்டும்தானுங்க போடுவேன்."

"என்னங்க, வர்ற யாவாரத்தைத் தள்ளறீங்க? சரி, வெள்ளையில புதுசா ஆறு குடுங்க. வித்தாப் பார்க்கலாம்."

வீட்டில் அப்பா, "எத்தனைங்க அம்மிணி?" என்றார்.

"ஆறு."

"அதுக்கென்ன, நல்ல தொடக்கந்தான். அடுத்த வியாழக்கெழமை நானே கூட நின்னு பார்த்துக்கறேன். ஒரு தூசி அண்டாது."

"நான் அங்க வரலீங்கப்பா. திருப்பூர்க் கம்பெனி நம்பரைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து சிறு டைரியை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

அந்த ஆறு பெட்டிகளும் திருப்பூர் விடுதியின் மொட்டை மாடியில்தான் காய்ந்தன. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.