ஹேரிம் ஏறிப் பார்த்த மூன்று கல்லூரிகள்

பியோன் சார் மேஜைமேல் விரித்துவைத்த தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்று கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். முதல் கட்டத்தை அவரே நிரப்பியிருந்தார். சியோலில் இருக்கிற கல்லூரி. பெயரைச் சொன்னாலே அவர்கள் ஊரான வான்டோ தீவு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

"ஹேரிம், உன் மார்க்குக்கு இது கண்டிப்பா கிடைக்கும். பதினோரு வருஷமா நம்ம ஸ்கூல்லேருந்து யாரும் அங்க போகல. கேட்டுல பேனர் கட்டணும்மா."

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"பாக்க என்ன இருக்கு? மாப்பிள்ளையா பாக்கப் போறே?"

"நாலு வருஷம் குடித்தனம் பண்ணப் போறேனே சார். வாசப்படி எப்படி இருக்குன்னாவது பாக்க வேண்டாமா?"

ஆறு வயதில் முதுகெலும்பில் இருந்த கட்டியை எடுத்ததிலிருந்து ஹேரிமுக்குச் சக்கர நாற்காலிதான் கால். நடுநிலைப் பள்ளியில் சேரும்போது "லிஃப்ட் இருக்கு" என்றார்கள். இருந்தது, பழைய பெஞ்சுகளை அடுக்கிவைக்கும் அறையாக. மூன்று வருஷம் யாராவது ஒருவர் முதுகில்தான் மாடிக்குப் போனாள். ஒருநாள் விளையாட்டு வாத்தியார் அவளைச் சுமந்துகொண்டு ஏறும்போது, நடுப்படியில் நின்று இன்னொருவரிடம் முந்தின நாள் கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடம் அவர் முதுகில் மூட்டை மாதிரித் தொங்கினாள். போகிற வருகிற யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இனி யார் முதுகிலும் ஏறுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அவளுக்குப் படிக்க வேண்டியது வானிலை. அதில் குழப்பமே கிடையாது. அம்மாவுக்குக் கடலில் வளர்க்கும் நத்தைப் பண்ணையில் வேலை. காற்று திரும்பினால் அன்றைக்குக் கூலி இல்லை. பத்து வயதிலிருந்தே ஹேரிம் காற்றையும் அலையையும் நோட்டில் எழுதி வந்தாள். "நாளைக்குப் படகு போகுமா?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டார் வருவார்கள். பெரும்பாலும் அவள் சொன்னது நடக்கும்.

வானிலைப் படிப்பு இருக்கிற இன்னும் இரண்டு கல்லூரிகளைத் தேடி எடுத்து, மூன்றுக்கும் முதலில் போன் செய்தாள். மூன்று இடத்திலும் ஒரே பதில்: "எல்லா வசதியும் இருக்கு." அதைக் கேட்டதும் நேரில் போவது என்று உறுதியாகிவிட்டது. அண்ணன் குவாங்ஹோ கடற்பாசி ஏற்றும் சின்ன லாரி ஓட்டுகிறவன். மூன்று நாள் லோடு எடுக்காமல் அவளை ஏற்றிக்கொண்டான்.

"லாரியெல்லாம் கடற்பாசி நாத்தம். சியோல்காரங்க மூக்கைப் பொத்தப் போறாங்க."

"பொத்தட்டும்ணே. நீ பாடாம ஓட்டு, அது போதும்."

சியோல் கல்லூரி மலைச்சரிவில் இருந்தது. டிசம்பர் கடைசி, பாதையோரம் பனி இறுகிக் கிடந்தது. குவாங்ஹோ பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தான்.

"கையை எடு. தினமும் நீயா வந்து தள்ளப் போறே?"

முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. கையுறையின் உள்ளங்கை கிழிந்தது. நடுவில் இரண்டு முறை சக்கரம் வழுக்கிப் பின்னால் வந்தது. அண்ணன் ஓடிவந்தான், அவள் முறைத்தாள், நின்றுவிட்டான். மேலே போய்ப் பார்த்தால் வானிலைத் துறை வாசலில் ஐந்து கற்படி.

அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வெளியே வந்தார். பணிவுக்குக் குறைவில்லை. "கவலையே படாதீங்க. எங்க பசங்க ரொம்ப நல்லவங்க. நாலு பேர் சேர்ந்து தூக்கிடுவாங்க."

ஹேரிமின் முகம் சுண்டிவிட்டது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் பார்த்தது சியோலுக்குத் தெற்கே, புதிதாகக் கட்டிய கல்லூரி. தரை பலகை மாதிரி சமம். கதவுகள் தானே திறந்தன. கழிப்பறையைக்கூடச் சுற்றி வந்து பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வானிலைத் துறையைப் போன வருஷம்தான் சுற்றுச்சூழல் துறையோடு சேர்த்து, வாரத்துக்கு ஒரு பாடமாகச் சுருக்கியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கனிவாகச் சொன்னாள்: "உங்க நிலைமைக்கு சமூக நலத்துறை எடுத்தா பொருத்தமா இருக்குமேம்மா?"

"எனக்குப் புயல் எப்படித் திரும்புதுன்னு தெரியணும். அதைச் சமூக நலத்துறையில சொல்லித் தருவாங்களா?"

வெளியே வந்ததும் குவாங்ஹோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நெடுஞ்சாலைக் கடையில் மீன் வடை சூப்பை ஊதிக் குடித்துவிட்டு, மூன்றாவது கல்லூரிக்கு வழி பார்த்தாள்.

மூன்றாவது, கிழக்குக் கடலோரத்து மாகாணக் கல்லூரி. பெயர் சொன்னால் "அப்படியா" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள். கட்டடம் பழசு. கருவிக்கூடத்துப் பொறுப்பாளர் நாம்குங் என்ற ஐம்பது வயதுப் பெண். பஞ்சு வைத்த மேல்சட்டையோடு ஒரு காற்றுமானியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் வேலை செய்யுமா?" என்று கேட்டாள் ஹேரிம்.

"செய்யும். மாசத்துல ரெண்டு நாள் நிக்கும். நின்னா ஆள் வர ஒரு நாள் ஆகும்."

"மொட்டை மாடியில இருக்கிற கருவிங்க?"

"அதுக்கு இரும்புப் படிதான். உன்னால போக முடியாது. சாய்தளம் கேட்டு நீ எழுதிக் கொடு, நானும் கையெழுத்துப் போடறேன். உடனே போட்டுடுவாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் அளவெல்லாம் கீழ இருக்கிற திரையில வரும், படிச்சுக்கலாம்." கையிலிருந்த காற்றுமானியை நீட்டினாள். "இதைப் பிடி. எங்க பழுதுன்னு சொல்லு பாக்கலாம்."

ஹேரிம் அதன் கிண்ணங்களைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டாள். உள்ளே உப்புப் பூத்த அச்சு கரகரத்தது. ஊர்ப் படகுத் துறையில் கேட்டுப் பழகிய சத்தம். சொன்னாள். அதன்பின் இரண்டு மணி நேரம் குவாங்ஹோ லாரியிலேயே காத்துக் கிடந்தான்.

விண்ணப்பத்தில் சியோலையும் எழுதினாள், கடலோரக் கல்லூரியையும் எழுதினாள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டாள். பிப்ரவரியில் இரண்டிலும் இடம் கிடைத்தது. பியோன் சார் அன்று சாயங்காலமே பேனர் கட்டிவிட்டார். சந்தையில் அம்மாவை நிறுத்தி நிறுத்தி வாழ்த்தினார்கள். அம்மா அந்த வாரம் தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

ஹேரிம் சியோலுக்குக் கடிதம் எழுதினாள். வகுப்புகளைப் படியில்லாத கட்டடத்துக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் தர முடியுமா? "உங்கள் கருத்து கவனமாகப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே வரி வந்தது. சேர்க்கையை உறுதி செய்யும் கடைசி நாள் மதியம் வரை போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப சேந்துடுங்க, பிறகு பேசலாம்" என்றார்கள். போனை வைத்துவிட்டுக் கடலோரக் கல்லூரியில் சேர்வதாகப் பதிந்தாள்.

அம்மா அடுப்பருகே நின்றபடி கேட்டாள். "எத்தனை பேர் அந்த இடத்துக்கு ஏங்கறாங்க! கொஞ்சம் பொறுத்துப் போனா என்னடி?"

"மூணு வருஷம் பொறுத்துப் போனேம்மா. நீ பாத்தே இல்ல?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பியோன் சார் பேனரை அவிழ்த்தார். வேறு பேனர் கட்டவில்லை. ஹேரிமுக்கும் வலிக்காமல் இல்லை. சியோல் கல்லூரியின் பாடப்பட்டியலைப் போனில் திறந்து பார்ப்பாள். அங்கே புயலைப் பற்றி மட்டும் நான்கு பாடம். பார்த்துவிட்டு மூடிவைப்பாள். ஐந்தாம் நாள் அம்மா தானாகவே வந்து, விடுதிக்குக் கொண்டுபோகிற மெத்தையுறையின் அளவைக் கேட்டாள்.

ஜூன் மாதப் பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் லிஃப்ட் நின்றது. ஹேரிம் படியடியில் காத்திருக்கவில்லை. நேரே தரைத்தளத்தில் இருந்த துறைத் தலைவர் அறைக்குப் போய், "பரீட்சையைக் கீழ வைங்க சார். இனி நான் எடுக்கிற எல்லா வகுப்பும் கீழ இருக்கட்டும்" என்றாள். அவர் யோசிக்க நேரம் கேட்டார். யோசித்து முடியும்வரை அவர் வாசலிலேயே புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். மாலை நாலரைக்கு உத்தரவு எழுதப்பட்டது. எதிர்க் கட்டடத்தின் தரைத்தள அறை.

பரீட்சையன்று மழை. வகுப்பில் மற்ற முப்பத்திரண்டு பேரும் நனைந்துகொண்டே எதிர்க் கட்டடத்துக்கு ஓடிவந்தார்கள். ஒருவன் குடையை உதறியபடி அவள் காதில் விழும்படியே சொன்னான்: "ஒரு ஆளுக்காக எங்க எல்லாரையும் அலைய விடறாங்க."

"ஆமா, எனக்காகத்தான்" என்றாள் ஹேரிம். "நாலு மணிக்கு மழை வெறிச்சுடும், திரும்பிப் போகும்போது நனைய மாட்டே. இப்ப உக்காரு, தாள் கொடுக்கறாங்க."