அத்தான் துப்பறிந்த பெருநாள்

ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடரில் பல வருடங்களாக ஒரே துப்பறிவாளராக நடித்த நடிகர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கதைகளை நான் பள்ளிக்கூட நாள்களிலேயே தமிழில் வாசித்தவன். அதே பாத்திரத்தில் வேறு நடிகர்களும் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர் அளவுக்கு மிஞ்சிச் சிரிப்பார், இன்னொருவர் ஓடி ஓடிச் சுடுவார். இவரைப் பார்த்த பிறகு மற்றவர்களை என்னால் பார்க்க முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தாலும் இவருடைய முகம்தான் வருகிறது. இத்தனைக்கும் இவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. எதிரில் இருப்பவர் பொய் சொல்லும்போது தேநீர்க் கோப்பையின் கைபிடியை மெல்ல ஒரு பக்கம் திருப்பி வைப்பார். பொய் சொன்னவருக்கு வியர்த்துவிடும்.

ஊர்காவற்றுறையில் ஆங்கிலம் படிப்பிக்கும் எனக்கு இது வீட்டுக்குள் தனியாக இருந்து பார்க்கும் சந்தோசமாகவே இருந்திருக்கும். எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமியார்தான் அதை வெளியே இழுத்தார். பெருநாளுக்கு எப்போதும் நாட்டுக்கூத்துத்தான் போடுவோம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அந்த வருடம் கனடாவுக்கு மகளிடம் போய்விட்டார்.

"கூத்தில்லாட்டிப் பரவாயில்லை, மாஸ்டர். நீங்கள் ஒரு நாடகம் எழுதுங்கோ" என்றார் சுவாமியார்.

நான் எழுத உட்கார்ந்தால் வேறு என்ன வரும்? நெடுந்தீவில் ஒரு கல்யாண வீடு. விடிய எழும்பிப் பார்த்தால் தாலிக்கொடியைக் காணவில்லை. கடல் கொந்தளித்துப் படகு ஓடாததால் ஒருவரும் தீவை விட்டுப் போக முடியாது. வந்த விருந்தாளிகளில் ஒருவர் துப்பறிவாளர்.

அந்த வேடத்துக்கு என் அக்காவின் புருசனை விட்டால் ஆள் இல்லை என்று சுவாமியார் முடிவெடுத்தார். அத்தான் கடற்றொழிலாளி. கூத்தில் எப்போதும் ராசா அவர்தான். வள்ளத்துக்கு வள்ளம் கதைக்க அவருக்குப் போன் தேவையில்லை; எஞ்சின் சத்தத்துக்கு மேலாலும் அவர் குரல் கேட்கும். முதல் ஒத்திகையில் அவர் காலைத் தூக்கி மேடையில் உதைத்து, "ஆர் எடுத்தது?" என்று கேட்டார். மணப்பெண்ணின் தாயாக நடித்த ரீச்சர் கையிலிருந்த தட்டத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, அந்த நடிகரின் தொடரில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அத்தான் கதிரை நுனியில் உட்கார்ந்தபடி கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"தம்பி, இந்த மனிசன் ஒண்டும் செய்யிறாரில்லையே."

"அதுதான் அத்தான் அவரின்ர நடிப்பு."

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். பார்த்து முடிந்ததும் எழும்பி அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார்.

"சும்மா நிக்கிறது லேசில்லை, தம்பி. இந்தக் கை ரெண்டையும் எங்க வைக்கிறதெண்டு எனக்கு விளங்கேல்லை. நீர் ஒருக்கா நிண்டு காட்டும் பாப்பம்."

நானும் நின்று பார்த்தேன். எனக்கும் விளங்கவில்லை.

அந்தக் கிழமைக் கடைசியில் அக்கா பதறிப்போய் வந்தாள்.

"அத்தானுக்கு என்னடா நடந்தது? வீட்டில சத்தத்தைக் காணேல்லை. கறிக்கு உப்பில்லை எண்டாலும் பேசிறாரில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் திருப்பி வைச்சிட்டு என்னைப் பாக்கிறார். நெஞ்சுக்குள்ள ஏதும் நோவோ தெரியேல்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவமே?"

அவர் நடிப்புப் பழகுகிறார் என்று சொல்லி விளங்கவைத்தேன்.

"அப்ப பெருநாள் முடியும்வரைக்கும் இப்பிடித்தான் இருப்பாரோ?"

"ஓம்."

"பெருநாளை ஒரு மாதம் தள்ளி வைக்க ஏலாதோ எண்டு சுவாமியைக் கேளன்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

பெருநாளன்று மாலைப் பூசை முடிந்ததும் நாடகம் தொடங்கியது. அத்தானைப் பார்க்க மண்கும்பான், புங்குடுதீவுப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ராசா பாடிக்கொண்டு வருவார் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். அத்தான் கோட்டுப் போட்டு, குடையை மடக்கிக்கொண்டு, காலடி கேட்காமல் உள்ளே வந்தார். குடையைச் சுவரில் சாத்தினார். கதிரையில் இருந்தார். கல்யாண வீட்டுக்காரரை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

"மைக் வேலை செய்யேல்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னும் நாலைந்து பேர் அதையே சொன்னார்கள். ஒலிபெருக்கிக்காரர் வேறொரு மைக்கைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே ஏறிவிட்டார். நான் திரைக்குப் பின்னால் நின்று அவரை இறங்கச் சொல்லிக் கை காட்டினேன். அத்தான் அசையவில்லை. தலையை மட்டும் திருப்பி ஒலிபெருக்கிக்காரரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்த ஆள் மைக்கோடு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் ஒரு சத்தமில்லை. அந்த அமைதிக்குள்தான் அத்தான் தன் முதல் வசனத்தைச் சொன்னார். "பிளேன்ரீ ஒண்டு கிடைக்குமோ?" கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

பிறகு நடந்ததெல்லாம் எனக்கே புதிதாக இருந்தது. மாப்பிள்ளையின் மாமனாக நடித்தவர், தான் எங்கும் போகவில்லை என்று சொன்னபோது அத்தான் தேநீர்க் கோப்பையைத் திருப்பி வைத்தார். முன்வரிசையில் இருந்த மீன்காரப் பெண் ஒருவர் எழும்பி, "இவன்தான், இவன்தான் எடுத்தவன்" என்று கையை நீட்டினார். நாடகம் முடிய இன்னும் ஒரு காட்சி இருந்தது. மாமனுக்கு உண்மையாகவே வியர்த்திருந்தது.

அடுத்த வருடம் அண்ணாவியார் திரும்பி வந்துவிட்டார். மறுபடியும் கூத்து, மறுபடியும் அத்தான் ராசா. பழைய குரலும் முழுசாகத் திரும்பியிருந்தது. மகன் போரில் இறந்துவிட்டான் என்று தூதன் வந்து சொல்லும் இடத்தில் ராசா உடனே நெஞ்சில் அடித்துக்கொண்டு பாட வேண்டும். அத்தான் பாடவில்லை. தூதனைப் பார்த்தபடி நின்றார். மத்தளக்காரர் தூக்கிய கையை இறக்காமல் இருந்தார். எனக்குப் பக்கத்தில் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் பாட்டு வந்தது, மிகவும் தாழ்ந்த குரலில்.

கூத்து முடிந்ததும் அண்ணாவியார் நேரே அத்தானிடம் வந்தார்.

"ஏன், பாட்டு மறந்து போச்சோ?"

"இல்லை அண்ணாவியார். பிள்ளை செத்ததெண்டு கேட்ட உடன எனக்குப் பாட்டு வரேல்லை."

அண்ணாவியார் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். கூத்தில் ஒரு எழுத்தை மாற்றவும் விடாத மனிதர்.

"சரி" என்றார் கடைசியில். "அடுத்த முறை கொஞ்சம் குறைச்சு நில்லும். மத்தளக்காரனுக்குக் கை நோகுதாம்."