பட்டினி மாஸ்டரின் ஈரத்துணி

"நாக்கை நீட்டுங்க."

கால்சட்டைக்கு அளவு கொடுக்கப் போனவனிடம் முதலில் இதைத்தான் சொல்வார். இடுப்பெல்லாம் அப்புறம். நாம் அசடு மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பார். "வெள்ளையா படிஞ்சிருக்கு. ராத்திரி லேட்டா சாப்பிட்டு அப்படியே சாய்ஞ்சுடுறீங்க, இல்ல?" ஆமாம் என்றால் சந்தோஷப்படுவார். இல்லை என்றால் நம்பமாட்டார். பிறகுதான் கழுத்திலிருந்து டேப்பை உருவி இடுப்பைச் சுற்றுவார். "துணியைப் பெருசா வெட்டணுமா, வயித்தைச் சின்னதாக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் பட்டினி மாஸ்டர். தையல்காரர் என்பதால் மாஸ்டர். யாருக்கு என்ன வந்தாலும் "ஒரு வேளை வயித்தைக் காயப்போடுங்க" என்பதால் பட்டினி. தலைவலி, சளி, வயிற்றுப் பொருமல், மாமியார் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியது. "சாப்பாட்டு மாஸ்டர்னு சொல்லலையே, அதுவரைக்கும் மரியாதைதான்" என்று சிரித்தார்.

ஆள் ஒல்லி. தன் சட்டையைத் தானே தைத்திருந்தும் அது அவர்மேல் தொளதொளவென்றுதான் இருக்கும். கடை என்பது இரண்டு மிஷின், ஒரு வெட்டுமேசை, சுவரில் ஒரு கண்ணாடி. மேசைக்குக் கீழே ஒரு பெட்டி. வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டுகளை அடுக்கடுக்காகத் தைத்துப் பட்டிகளாக்கி அதில் வைத்திருப்பார். கண்ணுக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று, வயிற்றுக்கு அகலமாக ஒன்று. நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்ள வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுப்பார். பொய் சொல்லக்கூடாது, என் மலச்சிக்கல் அவர் சொன்ன ஈரப்பட்டியிலும், நன்றாக மென்று தின்னச் சொன்ன பழத்திலும்தான் வழிக்கு வந்தது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றாடக் கோளாறுகளுக்கு அவர் சொன்னது பலித்தது. அதுவே கடைசியில் வினையாகிப் போயிற்று.

இரண்டாவது மிஷினில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். தெருவுக்கே அவர் அக்கா. அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாஸ்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பச்சைக் காய்கறி, நடை, வாரத்துக்கு ஒரு பட்டினி. முதலில் சர்க்கரை இறங்கத்தான் செய்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார்.

பிறகு அக்காவின் வலது கால் விரலிடுக்கில் ஒரு புண் வந்தது. வேறு யாராயிருந்தாலும் பயந்திருப்பார்கள். மாஸ்டர் மகிழ்ந்து போனார். குணமாகும்போது நோய் முதலில் கூடுவதுபோலத் தெரியும், உள்ளே தேங்கியது வெளியே வருகிறது என்று அர்த்தம். அவர் கற்ற இயற்கை வைத்தியத்தில் அப்படி. "கழிவு வெளியேறுது, பயப்படாதே" என்று ஈரப்பட்டி கட்டினார். சீழ் வைத்தபோதும் அதையே சொன்னார். காய்ச்சல் வந்தபோது, "பாரு, உடம்பு எரிச்சுத் தள்ளுது" என்றார். கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள்.

இப்போதும் நாக்கைப் பார்க்கிறார், பட்டி தருகிறார். ஆனால் யாராவது சர்க்கரை, பிரஷர் என்று வாயைத் திறந்தால் போதும், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவார். "மாத்திரையை நிறுத்தாதீங்க. என்னைக் கேக்காதீங்க. டாக்டரைக் கேளுங்க." மாஸ்டர் கட்சி மாறிவிட்டார் என்று தெருவில் கேலி செய்தார்கள். ஒருநாள் மட்டும் என்னிடம், "துணின்னா தப்பா வெட்டினாலும் ஒட்டுப் போட்டுடலாம் சார்" என்றார்.

அவர் மாறினார், அக்கா மாறவில்லை. அதுதான் கொடுமை. மாத்திரையை மாஸ்டரே உரித்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அக்காவும் குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோல விழுங்குவார். "இவரு பயந்துட்டாரு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா விரலு தானா ஆறியிருக்கும்" என்று சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார். வருஷக்கணக்கில் காதில் ஓதி நம்பவைத்தவர் மாஸ்டர்தான். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பிடுங்க அவராலேயே முடியவில்லை.

போன வாரம் கால்சட்டையை வாங்கப் போயிருந்தேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் சட்டென்று நின்றார். பின்பக்கக் கொடியில் ஒரு ஈரப்பட்டி தொங்கியது.

"இதை யாரு நனைச்சது?"

"நான்தான். வயித்துக்குப் போட்டேன்" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

தைத்தவருக்குத் தெரியாதா, எது வயிற்றுப் பட்டி என்று? இது கையகலம்தான் இருந்தது. மாஸ்டர் தரையில் உட்கார்ந்து அக்காவின் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குதிகாலில் புண்.

"எப்போ இருந்து? ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவீங்க. ஒண்ணுமில்லீங்க, கழிவுதான் வெளியேறுது. நீங்க சொன்னதுதானே?"

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் சொன்னது தப்பும்மா. தப்பு. எந்திரி" என்றார். இஸ்திரிப் பெட்டியை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை, நான்தான் அணைத்தேன். என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அந்தக் காலைத் தன் மடியிலேயே வைத்திருந்தார்.

டாக்டர் சின்னப் பெண். புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே, "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. இந்தக் காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அக்கா பெருமூச்சு விட்டார். டாக்டரின் பார்வை இரண்டு விரல் இல்லாத வலது காலுக்குப் போயிற்று.

"இதை ஏன் இவ்வளவு முத்த விட்டீங்க? யாரு வைத்தியம் பார்த்தது?"

"யாரும் பாக்கலைங்க. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று அக்கா முந்திக்கொண்டார்.

கதவோரம் நின்றிருந்த மாஸ்டர், கழுத்தில் டேப் தொங்க, வீட்டுப்பாடம் எழுதாத பள்ளிப்பிள்ளைபோல மெல்லக் கையைத் தூக்கினார். டாக்டர் திரும்பிப் பார்க்கும்வரை அதை இறக்கவில்லை.