மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த ஜெர்மன் கார்

மாப்பிள்ளை அழைப்புக்குக் காரை இரவல் கேட்கிறவர், அதில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? எங்கள் பெரியப்பா கேட்கவில்லை. முப்பது வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் காரை எங்காவது படத்தில் கண்டால் இப்போதும் நின்று பார்க்கிறேன், திட்டிக்கொண்டே.

சித்தியின் கல்யாணம் புனேயை ஒட்டிய ஆகுர்டியில் நடந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையைத் திறந்த காரில் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் அவரைச் சுற்றி ஏறிக்கொள்வோம். புனேயில் அப்படிப்பட்ட கார் வாடகைக்குக் கிடைக்கவில்லை. தன் முதலாளியிடம் கூரையில்லாத பழைய ஜெர்மன் கார் ஒன்று இருப்பதாகப் பெரியப்பா சொன்னதும் வீடே துள்ளியது. மாப்பிள்ளைக்குப் பக்கத்து இடம் எனக்குத்தான் என்று அவரே வாக்குக் கொடுத்தார். வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

சித்தி மட்டும் துள்ளவில்லை. அவள் மாப்பிள்ளையைப் பார்த்தது ஒரே ஒருமுறை, பத்து நிமிஷம், பஜ்ஜித் தட்டோடு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பக்கத்துலதானே உக்காரப் போற? சிடுசிடுன்னு இருக்காரான்னு பாத்துட்டு வந்து சொல்லுடி," என்றாள். பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன்.

சாயங்காலம் கார் வந்தது. அழகுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பாலாடை நிறம், நீண்ட மூக்கு, சிவப்புத் தோல் இருக்கை, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் பம்பர். பேண்டுக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆனால் இருக்கைகள் இரண்டே இரண்டு! ஒன்றில் முதலாளி, ஸ்டியரிங்கை வேறு யாரிடமும் தரமாட்டாராம். மற்றதில் மாப்பிள்ளை. பெரியப்பா ஆகாயத்தைப் பார்த்தார். பின்பக்கமாவது தொற்றிக்கொள்ளலாம் என்று போனேன். "அரே, ஹாத் மத் லகாவ்!" என்று முதலாளி கத்தினார். தொடக்கூட விடாத கார் கல்யாண வீட்டுக்கு எதற்கு?

நடந்தோம். பாய்ந்து ஓடப் பிறந்த கார், பேண்டுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து சூடேறி, பாதி வழியில் நின்றுவிட்டது. "தக்கா மாரோ, பேட்டா!" என்றார் அதே முதலாளி. ஏறக்கூடாதாம், தள்ளலாமாம்! என்ன நியாயம் இது? அழுதுகொண்டே தள்ளினேன்.

அப்போது மாப்பிள்ளை இறங்கினார். மாலையைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, கோட்டும் சூட்டுமாக என் பக்கத்தில் வந்து நின்று தள்ளினார். கார் உறுமிக் கிளம்பியது. மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில் முதலாளி நிறுத்தவே இல்லை. எனக்கென்று சொன்ன காரில் கடைசியில் ஒரு பூமாலை ஜம்மென்று போயிற்று. மாப்பிள்ளை எங்களோடு நடந்து வந்தார்.

மண்டபத்தில் சித்தியிடம் கொட்டித் தீர்த்தேன்.

"அவருக்கு மாப்பிள்ளை லட்சணமே இல்ல சித்தி! இறங்கிக் கார் தள்றாரு. கோட்டெல்லாம் கரி. எல்லாரும் சிரிச்சா அவரும் சேந்து சிரிக்கிறாரு! அழாதேன்னு என் மூக்கை வேற அவரோட கர்ச்சீப்ல தொடச்சாரு."

"கோவமே வரலையா அவருக்கு?"

"வரல. எனக்குத்தான் வந்துச்சு."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்த சித்தி, அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு இட்லி கேட்டாள். நான் ஏமாந்த கதையைச் சொல்லி அழுகிறேன், இவளுக்குப் பசி வருகிறது! இவ்வளவு இரக்கமில்லாதவளா என்று, மறுநாள் தாலி கட்டி முடியும்வரை அவளோடு நான் பேசவே இல்லை.